முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள், அம்ப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெரியப்பா லண்டனிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பிய ஒரு சோடி பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் பத்து வருடமாக அறைக்குள் சாக்குப் போர்த்திக் கிடந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் 8 அங்குல வூஃபரை, அதாவது தடித்த பேஸ் சத்தம் தருகிற பெரிய ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் ஸ்பொஞ்ச் விரல் பட்டாலே உதிர்கிறது. பின்னால் 8 ஓம், 40 வாட் என்று எழுதியிருக்கிறது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் புது வூஃபர் இரண்டு போட்டு, 500 வாட் அம்ப்ளிஃபயர் (அம்ப்) ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. பழைய பாட்டும் நாதஸ்வரமும்தான் கேட்பேன். என்ன செய்யலாம்?
வாசகர், மல்லாவி

பதில்: புது வூஃபர் வாங்க வேண்டாம், தம்பி. அந்தப் பெட்டியின் உள்ளளவு, வூஃபரின் கோன் (முன்னும் பின்னும் அசைகிற கூம்பு), உள்ளே பேஸையும் மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்புகிற குறொஸ்ஓவர் மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கிற ஏதோவொரு எட்டு அங்குல வூஃபரை அதே ஓட்டைக்குள் முடுக்கிவிட்டால் பொருந்தும், சத்தமும் வரும், ஆனால் ஒன்றில் பேஸ் பெருத்து ஊதும், இல்லாவிட்டால் வற்றிப்போய் இருக்கும். நல்ல பழைய சோடிகள் பல இப்படித்தான் வீணாகின்றன, பார்க்கவே மனம் பொறுக்காது.

உங்களுடையதில் கண்ணுக்குத் தெரிகிற பழுது நீங்கள் ஸ்பொஞ்ச் என்று சொல்கிற ஓரத்து ஃபோம் மட்டும். அந்தக் காலத்து ஃபோம் பதினைந்து இருபது வருடத்தில் தானாகவே இற்றுப்போகும், பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும். எங்கள் பக்கத்துச் சூடும் மாரிக்காலத்து ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும். ஓரம் றப்பராகவோ துணியாகவோ இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது.

ஃபோம் வளையம் தனியாக வாங்கலாம், கொழும்பில் கிடைக்காவிட்டால் இணையத்தில் எடுப்பிக்கலாம். ஆனால் ‘8 அங்குலம்’ என்று சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், ஃபோம் மடிப்பின் உள் விட்டம், வெளி விட்டம், இரும்புச் சட்டத்தில் ஒட்டுகிற இடத்தின் அளவு, நான்கையும் மில்லிமீற்றரில் எடுத்துக்கொண்டு வாங்குங்கள். ஃபோம் இருந்த இடத்துக்கு ஃபோமே போடுங்கள். நெடுநாள் உழைக்கும் என்று றப்பர் வளையம் போடச் சொல்வார்கள், றப்பர் பாரம் கூடியது, கோனின் அசைவையே மாற்றிவிடும்.

ஒட்டுகிற வேலை பொறுமையான வேலை. பழைய பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊறவைத்து, மொட்டைக் கத்தியால் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். கடதாசிக் கோன் என்றால் ஸ்பிரிட் குறைவாக, கை மெதுவாக. ஒட்டுவதற்கு மரவேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைப் பசை போதும், அது ஆறுதலாகக் காய்வதால் கோனை நடுவுக்குக் கொண்டுவர நேரம் கிடைக்கும். சுப்பர் குளூ கூடவே கூடாது, ஒரு தடவை கோணலாகப் பிடித்தால் பிடித்ததுதான். நடுவுக்குக் கொண்டுவர நான் பாவிப்பது பழைய எக்ஸ்ரே படம். வூஃபரின் நடுவில் இருக்கும் மூடியைக் கவனமாக வெட்டி எடுத்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய சுருளும் அதற்கு நடுவே காந்தத்தின் தண்டும் தெரியும். இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. எக்ஸ்ரே படத்தை ஒடுங்கிய கீலங்களாக வெட்டி நான்கு பக்கமும் அதற்குள் செருகிவிட்டால் சுருள் நடுவில் நின்றுவிடும். அப்படியே வளையத்தை ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு கீலங்களை உருவிவிட்டு, இரண்டு கையின் விரல் நுனிகளையும் கோனில் எதிரெதிரே வைத்து மெல்ல உள்ளே அமத்தி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். ஒரு சத்தமும் வரக்கூடாது. கடதாசி உரசுவதுபோல ‘சரக்’ என்று மெல்லக் கேட்டாலும் சுருள் முட்டுகிறது, திரும்ப ஒட்ட வேண்டும். சரியாக வந்தால் மூடியை ஒட்டிவிடலாம்.

வூஃபரைக் கழற்றிய கையோடு பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பேஸ் குழாய் இருக்கிற பெட்டி என்றால் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும், நான் திறந்த பெட்டிகளில் பாதியில் கண்டிருக்கிறேன். எலியும் பஞ்சை இழுத்துப் போயிருக்கலாம்.

அடுத்தது குறொஸ்ஓவர். மேல் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கரான டுவீற்றருக்குப் போகிற பாதையில் ஒரு கப்பாசிற்றர் இருக்கும். உள்ளே திரவம் இருக்கிற பழைய எலெக்ரோலைற்றிக் வகை என்றால் இத்தனை வருடத்தில் காய்ந்து பெறுமானம் மாறியிருக்கும். பாடுபவரின் குரலுக்கு மேல் ஒரு போர்வை போட்டதுபோலக் கேட்பதற்கு அநேகமாக அதுதான் காரணம். அதில் எழுதியிருக்கிற மைக்ரோஃபரட் அளவிலேயே ஃபிலிம் கப்பாசிற்றர் போடுங்கள், இரண்டு பெட்டிக்கும் ஒரே வகை. அளவில் பெரிதாக இருக்கும், பலகையில் இடம் போதாவிட்டால் பக்கத்தில் வைத்துக் கட்டிவிடலாம். றேடியோக் கடையில் கிடைக்கிற கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட சாதாரண எலெக்ரோலைற்றிக்கை அப்படியே போடக்கூடாது, ஸ்பீக்கருக்குள் போவது இரு திசையும் மாறுகிற மின்சாரம். மாற்றிய பிறகு டுவீற்றர் சற்றுக் கூர்மையாகக் குத்தினால் அதனோடு தொடராக 1 ஓம் வரையில் ஒரு ரெசிஸ்ரர் சேர்த்தால் அடங்கும்.

டுவீற்றர் உயிரோடு இருக்கிறதா என்று மல்ரிமீற்றரால் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது மீற்றரில் 6 ஓம் அளவில் காட்டும், அது சரிதான். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எரிந்துவிட்டது. வூஃபரின் திசை பார்க்க 1.5 வோல்ற் பற்றரி போதும், கூட்டலைக் கூட்டலில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வரவேண்டும். டுவீற்றரில் பற்றரி வைக்க வேண்டாம்.

இனி அம்புக்கு வருவோம். 500 வாட் என்று முகப்பில் ஒட்டியிருப்பதை நம்பாமல், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று அங்கே எழுதியிருக்கும். 60 வாட் எடுக்கிற பெட்டி 500 வாட் வெளியே தர வழியே இல்லை. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருக்கிற கணக்கு மட்டும்தான் கணக்கு, பிஎம்பிஓ என்று கணப்பொழுது உச்சத்தைக் காட்டுகிற எண் இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். உண்மையாகவே 500 வாட் இருந்தாலும் உங்களுக்கு என்ன இலாபம்? ஒரு சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 50 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் இடையில் காதுக்குத் தெரிவது இரண்டு மடங்குதான், உங்கள் 40 வாட் வூஃபரின் சுருளோ அதற்கு முன்பே எரிந்துவிடும்.

வாட்டைவிட முக்கியம் ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பது அது. 88 முதல் 90 வரை உள்ள சோடிக்கு வீட்டுத்திட்ட வீட்டு அறையில் 1 வாட்டே நல்ல சத்தம், நாதஸ்வரம் திடீரென உயரும்போதும் தவில் அடி விழும்போதும்தான் இருபது முப்பது வாட் தேவைப்படும். பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போன்ற சின்னப் பெட்டிகள் 82, 83 அளவில்தான் தரும், அவற்றுக்குக் கூட வாட் வேண்டும். உங்களுடையது அந்த வகை இல்லை. 1978இல் வந்த நாட் 3020 என்ற அம்புக்கு ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு 20 வாட்தான், இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். உங்களுக்கு 8 ஓமில் பக்கத்துக்கு 30 முதல் 50 வாட் ஆர்எம்எஸ் தருகிற ஸ்ரீரியோ அம்ப் தாராளம். மிகச் சின்ன அம்பை முழுதாக முறுக்கி வைத்துக் கேட்பதும் கூடாது, ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு முதலில் டுவீற்றரைத்தான் எரிக்கும்.

தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல் பற்றரியும் இல்லாமல் இருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ற், 3 வாட். அதில் செய்தி கேட்க முற்றம் நிறைய ஆட்கள் இருப்பார்கள், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும். வாட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வரும்.

காசு மிஞ்சினால் அறையைக் கவனியுங்கள். வெறும் சீமெந்து நிலம், வெறும் சுவர், மேலே தகரம் என்றால் எந்த அம்பும் எடுபடாது. அறை நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள், ‘டிங்’ என்று வால் நீண்டால் அது பாட்டிலும் நீளும். நிலத்துக்குத் தடித்த பாய், யன்னலுக்குக் கனமான சீலை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அறுவடை முடிந்து விறாந்தைக்கு உள்ளே நெல் மூட்டை அடுக்குகிற மாதங்களில் பாட்டு அவ்வளவு தெளிவாக இருக்கும், மூட்டை ஆலைக்குப் போனதும் பழையபடி. பெட்டிகளைச் சீமெந்துக் கல்லின்மேல் ஏற்றி, டுவீற்றர் நீங்கள் இருக்கிற கதிரையில் உங்கள் காது மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். மூலையில் ஒட்டவேண்டாம், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. இரண்டு பெட்டியும் உங்கள் கதிரையும் ஒரு சம முக்கோணமாக இருந்தால் பாடுபவர் நடுவில் வந்து நிற்பார்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்ரீரியோ அம்ப் ஒன்று கொழும்பில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகிறது என்பதையும் யோசிக்கிறேன்.
வாசகி, தருமபுரம்

பதில்: வாங்கலாம், அக்கா. அந்தக் காலத்து ஜப்பான் அம்புகள் உழைக்கச் செய்தவை. ஆனால் முதலில் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். ஏசி 100 வோல்ற் என்று இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சாமான், எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் அந்த நிமிடமே புகைந்துவிடும். 230ஐ 100 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் தனியாக வேண்டும், அதுவும் அம்ப் எடுக்கிற வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக. அந்த விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று சொல்லுங்கள்.

கடையில் நின்றே சிலதைப் பார்க்கலாம். போட்டு மூன்று நான்கு நொடியில் உள்ளே ஸ்பீக்கரை இணைக்கிற சுவிற்சான ரிலே ‘டிக்’ என்று விழ வேண்டும். வொலியூமை மெல்லத் திருப்ப, கரகர என்றால் அது அழுக்கு, துடைக்கலாம். ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் யோசிக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல், பாட்டும் போடாமல், ஸ்பீக்கர் முனைகளில் மல்ரிமீற்றரை டிசி வோல்ற்றில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழே என்றால் நல்லது, 100ஐத் தாண்டினால் திருத்தாமல் உங்கள் ஸ்பீக்கரில் மாட்டவே வேண்டாம்.

கரண்ட் போவது பெரிய தொல்லை என்றால் இன்னொரு வழி, ரிபிஏ3116 சிப் போட்ட சின்னக் கிளாஸ்-டி அம்ப், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை. உள்ளங்கை அளவு, சூடாகாது, விலையும் குறைவு. 24 வோல்ற் கொடுத்தால் 8 ஓமுக்கு 25 வாட் அளவில் எடுக்கலாம், 12 வோல்ற் பற்றரியிலோ சோலாரிலோ ஓட்டினால் ஏழெட்டு வாட். நான் கேட்டவரையில் குரலுக்கும் வயலினுக்கும் நல்ல பழைய ட்ரான்ஸிஸ்ரர் அம்பில் இருக்கிற நிறைவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் கரண்ட் இல்லாத இரவில் பாட்டுக் கேட்க முடிவது சின்ன விஷயம் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சின்னதை முதலில் வாங்குவேன்.

கேள்வி: ஸ்பீக்கருக்குத் தடித்த விலை கூடிய வயர்தான் போட வேண்டுமா? என்னிடம் இருப்பது வீட்டு வயரிங்குக்கு எடுத்து மிஞ்சிய வயர்.
வாசகர், முள்ளியவளை

பதில்: செம்புக் கம்பி, 1.5 சதுர மில்லிமீற்றர் என்றால் அதுவே போதும். ஐந்து மீற்றர் தூரத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து 0.12 ஓம் அளவில்தான் வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு பெட்டிக்கும் கூட்டல் கழித்தல் மாறாமல் கொடுங்கள், ஒன்றில் மாறினாலும் பேஸ் காணாமல் போகும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிற்சை மட்டும் நிற்பாட்டிவிட்டுப் படுக்காதீர்கள், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், றேடியோ அன்ரெனா வயர் அம்போடு தொடுத்திருந்தால் அதையும்.