கேள்வி-பதில்: நடந்தபடியே கோச்சிங்

கேள்வி: தனிநபர் கோச்சிங் செய்கிறேன்; அதாவது வேலை, வாழ்க்கை பற்றி ஒருவரோடு பேசி, அவரே முடிவெடுக்க உதவுகிறேன். அறைக்குள் வாயே திறக்காத சிலரை இங்கே ஊரார் நடைப்பயிற்சி செய்யும் ரேஸ்கோர்ஸில் நடக்க வைத்துப் பேசலாம் என்றிருக்கிறேன். ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?
- வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்தில் நடந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. இடையில் பேச்சு நின்றாலும் உறுத்தாது.

ஆனால் ஒரு மணி நேரமும் நடக்காதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன; ஒரே சரியான விடையைத் தேடும் சோதனையிலோ நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் யோசனை பெருகியது என்பதைப் பச்சைப் பசேல் படம் போட்டு நடை கோச்சிங்கை விளம்பரம் செய்பவர்கள் சொல்வதில்லை. மரம் இருந்தால் நிழலாவது கிடைக்கும், அதுவும் வேண்டியதுதான்.

ஆகவே யோசிப்பது நடையில், முடிவெடுப்பது பெஞ்சில். முதல் 5 நிமிடம் நின்றபடி, இன்றைக்கு எதைப் பேசப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி 15 நிமிடம் உட்கார்ந்து, எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று அவர் கையாலேயே எழுத வையுங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் வரும். பேச்சு சூடு பிடித்துவிட்டதென்று இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினால், கடைசியில் 'போனில் பேசிக்கலாம்' என்று முடியும். ஒன்றும் நடக்காது.

வேகம் அவருடையதாக இருக்கட்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். ஒரு கேள்வி கேட்டபின் இருபது, முப்பது காலடி வாயைத் திறக்காமல் நடங்கள். ஒருவர் பின் ஒருவர் போகவேண்டிய குறுகிய பாதை வேண்டாம். பின்னால் வருபவருக்குப் பாதி காதில் விழாது. போனில் பதிவு செய்தால் காற்றிரைச்சல்தான் மிஞ்சும், அதற்கும் அவர் சம்மதம் வேண்டும். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போதும். நிற்கும் இடத்தில் இரண்டு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெரிந்தவர்கள் எதிரே வந்துவிட்டால்?

பதில்: வருவார்கள். காலை 6 மணிக்கு பாதி ஊர் அங்கேதான் நடக்கிறது. யார் நின்று பேசுவது, உங்களை என்னவென்று அறிமுகம் செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். 'ஃப்ரெண்ட்' என்றால் போதும். கோச் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். வேலையை விடுவது, குடும்பத் தகராறு போன்ற விஷயமென்றால் ரேஸ்கோர்ஸையே தவிர்த்து, வார நாளில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடக்கும்போது அழுதுவிட்டால்?

பதில்: அருகிலுள்ள பெஞ்சில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அழுகை மட்டுமென்றால் பிறகு தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது கோச்சிங் வேலையே அல்ல. அன்றைய செஷனை அங்கேயே நிறுத்தி, மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தனியாக வீட்டுக்கு விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அழையுங்கள்.