வீட்டில் வைத்திருக்கும் வெல்டிங் மெஷினை எப்படிச் சுத்தம் செய்து பராமரிப்பது?

உங்களிடம் இருப்பது ராடு போட்டு ஓட்டும் சின்ன இன்வெர்ட்டர் மெஷின் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் என் பட்டறை. முதலில் வாங்கிய மெஷின் இரண்டு வருடத்தில் நின்றுபோனது. புதூர் சிட்கோ பக்கம் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றினால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கெல்லாம் கரும்பொடி. ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனார், பொடி சிலிர்த்து எழுந்து அதில் ஒட்டிக்கொண்டது. "தம்பி, கிரைண்டரை எங்க வச்சு ஓட்டுறீங்க?" என்று கேட்டார். மெஷினுக்குப் பக்கத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கிரைண்டரிலிருந்து பறப்பது இரும்புத் தூள், மின்சாரம் கடத்தும். மெஷினின் ஃபேன் அதை உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கிறது. மழைக்கால ஈரமும் சேர்ந்தால் ஷார்ட் ஆக வேறொன்றும் வேண்டாம். அதனால் சுத்தம் செய்வதற்கு முன்னால் கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். நான் வாசல் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம், மாதம் ஒருமுறை தூசி ஊதுவேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்ட நேரம் காத்திருங்கள், நான் எப்படியும் பத்து நிமிடத்துக்குக் குறைய விடமாட்டேன். காற்று ஈரமில்லாமல், மெதுவாக இருக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தால் மூடியைத் திறக்காமல் ஓட்டை வழியாகவே ஊதினால் போதும்.

அடுத்து கேபிள். ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) விட்டு விட்டு எரிந்தால் எல்லோரும் ராடைத்தான் குறை சொல்வார்கள். பாதி நேரம் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்பில்தான் விஷயம் இருக்கும். கிளாம்ப் வாயை ஒயர் பிரஷால் தேயுங்கள், கடிக்கிற இடத்தில் பெயின்ட், துரு இருக்கக் கூடாது. வேலை முடிந்து ஆஃப் செய்ததும் கேபிள் நுனியில் இருக்கும் லக், ராடைப் பிடிக்கும் ஹோல்டர் இரண்டையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கேபிளைவிட லக் அதிகம் சுட்டால் அது லூஸ். முறுக்குங்கள், கருகியிருந்தால் வெட்டிப் புதிது போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராடு ஈரம் இழுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரமான 6013 ரக ராடை 100 டிகிரி சுமாரில் ஒரு மணி நேரம் காய வைத்தால் சரியாகிவிடும். 7018 ரக ராடு அப்படியல்ல, 300 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். வீட்டில் அதற்கு வழியில்லை, சின்ன பாக்கெட்டாக வாங்கிக்கொள்வது மேல்.

சித்திரை வெயிலில் கவனம். 60 சதவீதம் டியூட்டி சைக்கிள் என்றால் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓட்டலாம். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் 40 டிகிரி சூட்டுக்குத்தான் போடுகிறார்கள். தகரத்துக்குக் கீழே மத்தியானம் அதையும் தாண்டும். நான் காலையிலேயே முடித்துவிடுவேன். முடித்ததும் ஐந்து நிமிடம் ஃபேனை ஓட விட்டுத்தான் சுவிட்சை அணைப்பேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துவிட்டு வெல்டிங் வைக்காதீர்கள். ஆர்க் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.