குராபாட்டியில் கிடைத்த சீப்பு – கடிதம்

வணக்கம். பெலாரஸின் ஹத்தின் நினைவிடம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். போரில் மாண்டவர்களை இவ்வளவு போற்றும் ஓர் அரசு, மனித உரிமைக்காரர்களை ஏன் சிறையில் அடைக்கிறது? மின்ஸ்க் நகரத்தை ஒட்டிய குராபாட்டி காட்டில் கிடைத்த எலும்புகள் ஜெர்மானியர் கொன்றவர்களுடையவை என்கிறார்கள் சிலர். ஸ்டாலினின் ஆட்கள் கொன்றவர்களுடையவை என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

குராபாட்டியில் கொன்றது சோவியத் ரகசியப் போலீசான என்கேவிடிதான். காலம் 1937 முதல் 1941 வரை. தொல்லியல் ஆய்வாளர் ஸியானொன் பஸ்னியாக் சுற்றுவட்டார ஊர்களின் முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்தார். ஜெர்மானியர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரவுதோறும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக அவர்கள் சொன்னார்கள். இதை வைத்து அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988 ஜூன் 3 அன்று வெளிவந்ததும் அரசே குழு அமைத்துக் குழிகளைத் தோண்டியது. குறைந்தது முப்பதாயிரம் பேர் என்றது அந்தக் குழு. பஸ்னியாக் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. எண்ணிக்கையில்தான் சச்சரவு, கொன்றவர் யார் என்பதில் இல்லை.

ஒரு குழியில் ஒரு சீப்பு கிடைத்தது. கைதி ஒருவர் அதில் போலிஷ் மொழியில் தன் வேதனையைக் கீறிவைத்திருக்கிறார். கூடவே ‘மின்ஸ்க் 25.04.1940’ என்றும். ஜெர்மன் படை மின்ஸ்க்கைப் பிடித்ததோ 1941 ஜூன் 28 அன்று. இதற்கு மேல் வாதிட என்ன இருக்கிறது?

இனி ஹத்தின். (போலந்து அதிகாரிகளை என்கேவிடி கொன்ற கத்தின் ரஷ்யாவில் இருக்கிறது. பெயர் ஒலிக்குழப்பம் தமிழிலும் வரும், கவனம்.) 1943 மார்ச் 22 அன்று நாஜிகளும் அவர்களின் கூட்டாளிகளும் அந்த ஊரையே கொட்டகைக்குள் அடைத்துத் தீவைத்தார்கள். மாண்டவர் 149 பேர், அதில் 75 குழந்தைகள். இன்று அங்கே 26 வீடுகள் இருந்த இடத்தில் 26 புகைபோக்கித் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மணிகள் முப்பது நொடிக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. தூண்களில் குடும்பத்தாரின் பெயர்கள், குழந்தைகளுக்கு வயதும். இந்த நினைவு உண்மையானது, அதை யாரும் குறைக்கக் கூடாது.

கோளாறு பெலாரஸில் 2022 ஜனவரியில் வந்த இனப்படுகொலைச் சட்டத்தில் இருக்கிறது. நாஜிகளும் அவர்களின் கூட்டாளிகளும் செய்த கொலைகளை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. என்கேவிடி கொன்றவர்களுக்கு அதில் இடமில்லை. நாஜிகள் மின்ஸ்க் கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) அடைத்த யூதர்களும் ‘பெலாரசிய மக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். இந்தப் படுகொலையை மறுப்பதோ குற்றம், சிறை உண்டு. குராபாட்டியில் மக்கள் நட்ட மரச்சிலுவைகளை 2019 ஏப்ரலில் பிடுங்கிப்போட்டதும் இதே அரசுதான்.

இப்போது சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு வருகிறேன். மனித உரிமைப் போராளி அலேஸ் பியாலியாட்ஸ்கி 1980களின் இறுதியில் மூதாதையரை நினைவுகூரும் ‘ஜியாடி’ கூட்டங்களை நடத்தியவர்களில் ஒருவர். 1988 அக்டோபர் 30 கூட்டத்தைக் கண்ணீர்ப்புகையால் கலைத்தார்கள். அவர் 1996இல் வியஸ்னா என்ற மனித உரிமை அமைப்பைத் தொடங்கிக் கைதானவர்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டார். 2003இல் அதன் பதிவை நீதிமன்றம் ரத்து செய்தது. பதிவு இல்லையென்றால் உள்நாட்டில் வங்கிக்கணக்கு இல்லை. வெளிநாட்டில் கணக்கு வைத்தார். அதையே வரி ஏய்ப்பு என்று காட்டி 2011இல் நாலரை ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். 2022இல் அமைதிக்கான நோபல், 2023 மார்ச்சில் மீண்டும் பத்து ஆண்டு. முதலில் பதிவைப் பறித்தார்கள், பிறகு பதிவில்லாததன் விளைவையே குற்றமாக்கினார்கள்.

வியஸ்னாவின் பதிவை ரத்து செய்தது தவறு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007இல் முடிவு சொன்னது. அரசு அசையவில்லை. தனிநபர் அந்தக் குழுவில் முறையிட வழிசெய்யும் நெறிமுறையிலிருந்தே பெலாரஸ் விலகிவிட்டது. 2023 பிப்ரவரி 8 முதல் புதிய மனு போட முடியாது, அதற்கு முன் போட்ட மனுக்கள் மட்டும் நடக்கும்.