சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, எதை அழித்தால் ஆபத்தில்லை?

விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கிளீனர் மென்பொருள் எதையும் தேடி இறக்காதீர்கள், தேவையே இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கேயே காட்டும்.

அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது குப்பை இல்லை, நீங்கள் இறக்கி வைத்த கோப்புகள். மார்க்ஷீட், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் கிடக்கும். அங்கே டிக் இல்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

பெரிய அப்டேட் முடிந்த கையோடு இடம் குறைந்ததென்றால், பழைய விண்டோஸின் நகல்தான் காரணம். பல ஜிபி இருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக வைத்திருப்பது அது. வழக்கமாக 10 நாளில் தானே போய்விடும். அவசரமென்றால் இதே பட்டியலில் டிக் செய்து நீக்கலாம், ஆனால் திரும்பும் வழி அத்தோடு அடைபடும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' (WinSxS) என்று ஒன்று பெரிதாகத் தெரியும். விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம் அது. கை வைக்காதீர்கள். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருப்பதுபோலக் கணக்கில் வருவதால், காட்டும் அளவு உண்மையைவிடக் கூடுதல். அதை அழித்தால் கணினி திறக்காமலே போகலாம்.

இவ்வளவு செய்தும் இடம் கூடவில்லையா? ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா என்று பாருங்கள். அழித்த கோப்பு அதில் இருக்கும்வரை டிரைவில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.