காரைக்குடி பக்கம் மனைப்பிரிவில் பின் தெருக்களுக்கு மட்டும் சாலை இல்லை என்பவருக்கு

முன் மூன்று தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டுவிட்டு, உங்கள் பின் தெருவுக்கு மட்டும் "லேஅவுட் ரோடு எங்களுடையது இல்லை" என்று ஊராட்சியில் சொல்கிறார்கள், ஆம்புலன்ஸ்கூட உள்ளே வர முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை வாய்வார்த்தையாக நம்பிவிடாதீர்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலைகளை மனை போட்டவர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 6(1) பிரிவில் அந்தப் பத்திர நகலையும், எந்தெந்தத் தெருவுக்கு எப்போது நிதி ஒதுக்கினார்கள் என்பதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் காலனியில் இந்த நகல் கைக்கு வந்த பிறகுதான் பேச்சே மாறியது.

அப்புறம் கிராம சபையில் (ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நடக்கும்) தீர்மானமாக எழுத வையுங்கள், நகலோடு திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுங்கள். ஒன்று, வடிகால் கேட்காமல் சாலை மட்டும் கேட்காதீர்கள். நம் பழைய செட்டிநாட்டுத் தெருக்களில் மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓட வழி வைத்தார்கள்; இப்போது சாலையை உயர்த்தினால் தண்ணீர் நேரே உங்கள் வாசலுக்குத்தான் வரும்.