வானத்தில் கொட்டுகிறோமா பணத்தை?

விண்வெளி பற்றி எதை எழுதினாலும், அடுத்து வரும் கடிதங்களில் பாதி செலவுக் கணக்கைத்தான் கேட்கின்றன. கேட்க வேண்டியதுதான். இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோடிக்கணக்கான மனிதர்கள் பட்டினி கிடக்கும் உலகில், வானத்தில் பணத்தைக் கொட்டுவது நியாயமா?

வானத்தில் ஒரு காசுகூடக் கொட்டப்படுவதில்லை. சம்பளமாகவும் உலோகத்தின் விலையாகவும் எல்லாம் பூமியிலேயே செலவாகிறது என்று எங்கள் துறையினர் வழக்கமாகச் சொல்வார்கள். இது அரைப் பதில். குழி தோண்டி மூடச் சொன்னாலும் கூலியைப் பூமியில்தான் கொடுப்போம்.

தொகையைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டில் நாசாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2,500 கோடி டாலர். அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவில் இது அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்பல்லோ திட்டம் உச்சத்தில் இருந்த 1966இல் அது நான்கு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிறகு செலவைக் குறைத்தார்கள். 1970இல் அப்பல்லோவின் கடைசி மூன்று பயணங்களை ரத்தும் செய்தார்கள். அதனால் ஏழைகளின் அடுப்பு எரிந்ததாக யாரும் சொல்லவில்லை. உலக நாடுகள் இன்று இராணுவத்துக்காக ஆண்டுதோறும் செலவிடுவது இரண்டு லட்சம் கோடி டாலருக்கும் மேல். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாமே.

கேள்வி: டெஃப்லான், வெல்க்ரோ எல்லாம் விண்வெளி ஆய்வு தந்த கொடைகள்தானே?

இரண்டுமே இல்லை. டெஃப்லான் 1938இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாசா பிறந்தது 1958இல். வெல்க்ரோ, தன் நாயின் முடியில் ஒட்டிக்கொண்ட முட்காய்களை உற்றுப் பார்த்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவரின் யோசனை. உண்மையான உதாரணம் வேண்டுமென்றால், இன்றைய செல்பேசிக் கேமராக்களின் ஒளியுணரி 1990களில் நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபோசமின் குழு உருவாக்கிய தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. ஆனால் இதைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல கேமராதான் வேண்டுமென்றால் கேமரா ஆய்வுக்கே பணம் கொடுத்துவிடலாம். அதற்காக நெப்டியூன் வரை போவானேன்?

கேள்வி: வானிலைச் செயற்கைக்கோள் சரி. சனிக்கும் நெப்டியூனுக்கும் போய் என்ன பயன்?

இந்த வேறுபாட்டை நீங்கள் கவனித்ததற்கு நன்றி. எங்களில் பலர் வசதியாக மறந்துவிடுகிறோம். 1960இல் டைரோஸ்-1 செயற்கைக்கோள் மேகங்களைப் படம் எடுத்து அனுப்பியதிலிருந்து, புயல்கள் சொல்லாமல் கொள்ளாமல் கரைக்கு வரும் காலம் முடிந்துபோனது. அந்தச் செலவை யாரும் நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த லாபத்தைக் காட்டி நெப்டியூன் பயணத்தின் செலவை மறைப்பது கணக்கில் கள்ளம்.

தொலைதூர ஆய்வில் கிடைப்பது அறிவு. அதற்கு விலை போட முடியாது, ஆனால் செலவைச் சொல்ல முடியும். 1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் கலங்களுக்கு 1989இல் நெப்டியூனைத் தாண்டியது வரை ஆன செலவு சுமார் 86.5 கோடி டாலர். யுரேனஸையும் நெப்டியூனையும் அருகில் சென்று பார்த்த கலம் இன்றுவரை வாயேஜர்-2 ஒன்றுதான். சில சமயம் அந்த அறிவு வீட்டுக்கும் திரும்பி வரும். வெள்ளி ஏறக்குறைய பூமியின் அளவுதான். ஆனால் கரியமில வாயுப் போர்வையால் அதன் தரை 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. பூமி சூடாவதைப் பற்றி உரக்க எச்சரித்த காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் முதலில் ஆராய்ந்தது வெள்ளியின் மேகங்களைத்தான்.

கேள்வி: மனிதர்களை அனுப்புவதால்தானே செலவு ஏறுகிறது? இயந்திரங்கள் போதாதா?

கடிதக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பல ஆண்டுகளாக நானே எனக்குள் வாதாடிக்கொண்டிருப்பதும் இதைப் பற்றித்தான்.

மனிதனுக்குக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பி வர வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு வழிப் பயணம் போதும். தொண்ணூறு நாள் உழைத்தால் போதும் என்று செவ்வாய்க்கு அனுப்பிய ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 2004 முதல் 2018 வரை ஓடியது. இதைக் கேட்டவுடன் இயந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஆப்பர்ச்சுனிட்டி கடந்த தூரம் 45 கிலோமீட்டர். 1972 டிசம்பரில் அப்பல்லோ-17இன் இரு வீரர்கள் நிலவில் மூன்றே நாட்களில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வண்டி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர். வழியில் ஆரஞ்சு நிற மண் கண்ணில் பட்டதும் அங்கேயே தோண்டி எடுத்தார். பூமியிலிருந்து உத்தரவு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. ஆளில்லாமல் போன மூன்று சோவியத் லூனா கலங்கள் கொண்டுவந்தது எல்லாம் சேர்த்து ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் இந்த ஒப்பீட்டிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது: அப்பல்லோ அறிவியலுக்காகக் கிளம்பவில்லை, சோவியத் யூனியனை முந்துவதற்காகக் கிளம்பியது. கற்கள் அதன் உபரி. மனிதப் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான்; பெருமைக்காகப் பணம் வரும், அறிவியல் அதன் தோளில் ஏறிக்கொள்ளும். பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல் விழுங்கிய சர்வதேச விண்வெளி நிலையத்தை அறிவியல் கணக்கில் மட்டும் எழுதச் சொன்னால் என் பேனா எழுதாது. ஆகவே என் பதில்: நிலவுக்கு மனிதர்கள் போகலாம், மற்ற இடங்களுக்கு இப்போதைக்கு இயந்திரங்கள்.

கேள்வி: முதலில் சொல்லும் செலவு ஒருமுறையாவது அப்படியே நின்றதுண்டா?

உண்டு, ஆனால் பெரிய திட்டங்களில் அபூர்வம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2007 வாக்கில், சுமார் 100 கோடி டாலரில் ஏவிவிடலாம் என்று தொடக்கத்தில் நினைத்தார்கள். ஏவப்பட்டது 2021 டிசம்பர் 25. செலவு ஏறத்தாழ 1,000 கோடி. ஒப்புதல் வாங்குவதற்காகக் குறைத்துச் சொல்வது ஒரு காரணம். இன்னும் கண்டுபிடிக்காத தொழில்நுட்பத்துக்கு விலை சொல்லச் சொல்வது இன்னொன்று. வேலை தாமதமானாலும் பொறியாளர்களின் மாதச் சம்பளம் நிற்காது என்பது மூன்றாவது.

வெப்பை நான் மன்னித்துவிடுவேன்; அது வேலை செய்கிறது. நாசாவின் விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) மன்னிக்கமாட்டேன். மலிவாக, ஆண்டுக்குப் பல டஜன் முறை பறக்கும் என்றார்கள். முப்பது ஆண்டுகளில் பறந்தது 135 முறை, இறந்தவர்கள் 14 பேர்.

கேள்வி: பூமி பாழானால் செவ்வாயில் குடியேறலாம் என்கிறார்களே?

பாழான பூமிகூடச் செவ்வாயைவிட வாழத் தகுந்ததாகவே இருக்கும். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: விண்கல் மோதுவதைத் தடுக்கச் செலவிடுவது வீண் பயமா?

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது வெறும் 20 மீட்டர் கல். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாருமே முன்கூட்டிப் பார்க்கவில்லை. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளால். 2022இல் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபோஸ் என்னும் சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதி, தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளை அது சுற்றிவரும் காலத்தை அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறைத்தது. செலவு சுமார் 32 கோடி டாலர். இந்தப் பட்டியலில் நான் யோசிக்காமல் கையெழுத்துப் போடும் செலவு இது ஒன்றுதான்.

கேள்வி: அப்பல்லோ கற்கள் இப்போது வெறும் காட்சிப் பொருள்தானே?

பெரும்பகுதி ஹூஸ்டனில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளில் இருக்கிறது. இன்றும் ஆய்வாளர்களுக்குத் துணுக்குத் துணுக்காகக் கடன் போகிறது. முற்றிலும் உலர்ந்தது என்று கருதப்பட்ட நிலவு மண்ணின் கண்ணாடி மணிகளில் நீரின் தடயத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். அப்பல்லோ காலத்துக் கருவிகளுக்கு அந்தக் கூர்மை இல்லை. இதை எதிர்பார்த்தே சில மாதிரிகளை அன்றே திறக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1972இல் வந்த அப்படி ஒரு குழாயை 2019இல்தான் திறந்தார்கள். திறந்தவர்களில் சிலர் அது பூமிக்கு வந்தபோது பிறந்திருக்கவே இல்லை.