கோழி வலையில் லவ் பேர்ட்ஸ் கூண்டு கட்டலாமா?

கேள்வி: 2 ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கித் திண்ணையில் வைத்து வளர்க்க ஆசை. கோழிக்கு அடைப்புப் போட்டது போக அறுகோண வலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதிலேயே கூண்டு கட்டலாமா? என்ன அளவில் கட்ட வேண்டும்?

பதில்: கோழி வலை வேண்டாம். கம்பி மெல்லியது, முறுக்கிப் பின்னியது. குருவியின் நகம் அந்த முறுக்கில் மாட்டினால் இழுத்து இழுத்தே காலை ஒடித்துக்கொள்ளும். வலையின் கண்ணும் (ஓட்டையும்) பெரிது. தலையை நுழைத்துவிட்டு வெளியே எடுக்க முடியாமல் செத்துப்போகும். எலிக்கும் பாம்புக்கும் அது திறந்த கதவு மாதிரிதான்.

அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ.) கேட்டு வாங்குங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 22 கேஜைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். 3 அடி அகலச் சுருளில் 12 அடி போதும். நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர்தான், அதற்கு இந்தக் கம்பி தாங்கும். ஆப்பிரிக்க லவ் பேர்டுக்கு அலகு பலம் அதிகம், 14 கேஜ் போடுங்கள்.

கூண்டு 3 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம். 8 அடித் துண்டை வெட்டி 2, 4, 6 அடிகளில் மடித்தால் அடிப்பக்கம், முன், மேல், பின் என நான்கு பக்கமும் ஒரே துண்டில் வந்துவிடும். மடிக்கும் கோட்டின் மேல் ரீப்பர் கட்டை வைத்து அழுத்தி, சுத்தியலால் தட்டினால் மடிப்பு நேராக விழும். மீதி 4 அடியில் 2 அடிக்கு 2 அடியாக இரண்டு ஓரப் பக்கங்கள். அதன் பிறகும் ஓர் அடி அகலத் துண்டு மிஞ்சும், கதவுக்கு அது. மடிப்பதற்கு முன்பே முன்பக்கத்தில் 6 அங்குலச் சதுர வாசல் வெட்டிவிடுங்கள். கூண்டான பிறகு வெட்டினால் கை கிழியும். கதவு 7 அங்குலம் இருக்கட்டும், மேல்பக்கம் கீல் வைத்தால் தானாகவே விழுந்து மூடும். ஆனாலும் கொக்கி போடுங்கள். அலகால் கதவைத் தூக்கப் பழகிவிடும் பறவை இது.

மூலைகளை 2 அங்குலத்துக்கு ஒரு கட்டாகக் கட்டுக்கம்பியால் இறுக்கி, முறுக்கு நுனியை வெளிப்பக்கம் மடக்குங்கள். வெட்டிய இடத்தில் அரை மி.மீ. பிசிறு நின்றாலும் அரத்தால் ராவிவிடுங்கள். மரச்சட்டம் வேண்டுமானால் வெளியேதான், உள்ளே வைத்தால் கொறித்துத் தீர்த்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது துத்தநாகப் பூச்சில். புது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் வெல்டு முனைகளைக் கிட்டத்தில் பாருங்கள், சின்னச் சின்ன மணியாகத் துத்தநாகம் திரண்டு நிற்கும், வெள்ளைத் தூளும் படிந்திருக்கும். பறவை நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும், அந்த மணி வயிற்றுக்குள் போய் விஷமாகும். சோர்வு, வாந்தி, தண்ணீராய்ப் பச்சைக் கழிச்சல் என்று வரும்போது தீவனத்தில்தான் கோளாறு என்று தினையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் பறவையை விடுமுன் மணிகளை ராவி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கம்பி பிரஷால் தேய்த்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இது ஆபத்தைக் குறைக்கும், முழுக்கப் போக்காது. கழிச்சல் கண்டால் கால்நடை மருத்துவரிடம் 'கூண்டு ஜிஐ வலை' என்று சொல்லிவிடுங்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம், உரித்துத் தின்னும்.

உட்கார வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ அரை அங்குலப் பருமனில் போதும். பிவிசி குழாய் வழுக்கும். அடி வலைக்கு 2 அங்குலம் கீழே எச்சம் விழ ஒரு தட்டு. குஞ்செடுக்க நினைத்தால் 2 ஜோடிக்கு 3 மண்பானை, எல்லாம் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் அதற்குப் பெட்டைகள் ரத்தம் வர அடித்துக்கொள்ளும். குஞ்சு பானையை விட்டு இறங்கும் நாட்களில் அடி வலை மேல் செய்தித்தாள் விரித்துவையுங்கள், இல்லையென்றால் குஞ்சின் கால் வலைக் கண்ணுக்குள் இறங்கும். எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டைத் தாங்கும் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதே கூண்டில் நம்மூர்ப் பச்சைக்கிளியை அடைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.